பாஸ்டன் நகரத்துப் பீன்ஸ் உணவு

அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் முற்காலத்தில் வாழ்ந்த பியூரிட்டன் கிறித்தவர், ஓய்வு நாளாகிய ஞாயிறன்று சமைப்பதைத் தவிர்த்தனர். ஆதலின், சனிக்கிழமையன்றே வெள்ளைப் பீன்ஸ் விதைகளை மண்பானையிலிட்டு, ரொட்டி சுடும் அடுப்பில் நெடுநேரம் வேகவைத்தனர். அதில் சேர்க்கும் பன்றியிறைச்சிக்கு மாறாக எண்ணெய் சேர்ப்பின், அது மரக்கறி உணவாகும்.

விதைகளை இரவு முழுதும் ஊறவைத்து, நீரை வடித்து, புதுநீரில் 10 நிமிடமேனும் நன்கு கொதிக்கவிடல் வேண்டும். வேகாத விதையிலுள்ள நச்சுப்புரதம் வாந்தியை உண்டாக்கும். இளஞ்சூடு அதனை அழிக்காது, கொதிநீரே அழிக்கும்.

விதை மென்மையுற்ற பின்னரே வெங்காயம், கடுகுத்தூள், சர்க்கரை ஆலையில் எஞ்சும் கரும்புப்பாகு ஆகியவற்றைச் சேர்த்து, மூடிய பானையில் இளஞ்சூட்டில் வைத்தல் முறை. பாகிலுள்ள சுண்ணச்சத்தும் இனிப்பும் விதையை இறுகச் செய்யும். முன்னரே சேர்ப்பின் விதை எளிதில் வேகாது. பின்னர்ச் சேர்ப்பின், பல மணி நேரம் அடுப்பிலிருந்தும் குழையாது. சேர்க்கும் பொருளைப் போலவே சேர்க்கும் வேளையும் இன்றியமையாதது.