மனநோயும் மரபும்

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பது நம் முன்னோர் மொழி. நிறத்துக்கும் குரலுக்கும் நடைக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். மனநோய்க்கும் இதையே பொருத்திப் பேசுவது நம்மிடையே வழக்கமாகி விட்டது. ஒரு வீட்டில் தாய்க்கோ தந்தைக்கோ மனநோய் கண்டால், அவ்வீட்டுப் பிள்ளைகளையும் அது விடாது என்று ஊர் முடிவு கட்டி விடுகிறது. பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குகின்றனர். இம்முடிவு எவ்வளவு மெய் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

போர்ட்டிக்சனை அடுத்த சுவா வட்டாரத்துத் தோட்டப் பள்ளியில் பணியாற்றும் நான், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் கேட்ட வினாவை இன்றும் மறக்கவில்லை. அவன் தாயார் மனநோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். திடலில் பிள்ளைகள் அவனைத் "தஞ்சோங் ரம்புத்தான்" என்று கூவி அழைக்கலாயினர். பேராக் மாநிலத்தின் அவ்வூரில் 1911-ஆம் ஆண்டு மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அன்று தொட்டு ஊர்ப்பெயரே ஏளனச் சொல்லாகி, தலைமுறை தலைமுறையாக நம் லயங்களில் வழங்கி வருகிறது. ஒரு நாள் பள்ளி விட்டபின் அம்மாணவன் என்னிடம் வந்து, "எனக்கும் அம்மா மாதிரி வந்துடுமா சார்?" என்றான். "அதெல்லாம் ஒன்றும் வராது, போய்ப் படி" என்று அனுப்பி விட்டேன். ஆசிரியப் பயிற்சியில் நான் கற்றவற்றுள் அவ்வினாவுக்கு விடை இல்லை. மறு ஆண்டு அக்குடும்பம் தோட்டத்தை விட்டுப் பெயர்ந்தது. அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்ததைப் பின்னரே படித்தறிந்தேன்.

மனநோய்கள் பல. அவற்றுள் மனச்சிதைவு நோயை எடுத்துக் கொள்வோம். இல்லாத குரல் காதில் கேட்பதும், பிறர் தமக்குத் தீங்கு சூழ்வதாக ஐயுறுவதும் இதன் குறிகள். பொதுமக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வரக்கூடும். பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு? டென்மார்க்கு நாட்டுப் பதிவேடுகளைக் கொண்டு 2010-இல் வெளிவந்த ஆராய்ச்சி, நூற்றுக்கு 7 என்றது. பெற்றோர் இருவருக்கும் இருந்தால் நூற்றுக்கு 27 என்றது. ஆகவே மரபுக்குப் பங்கு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பெற்றோரில் ஒருவர் நோயுற்ற நூறு பிள்ளைகளுள் 93 பேருக்கு இந்நோய் வரவில்லை என்பதையும் அதே கணக்குத்தான் சொல்கிறது.

"நோயுற்றவரோடு வாழ்வதால் அன்றோ பிள்ளைக்கு வருகிறது?" என்று சிலர் வினவலாம். இதற்கு விடை காண முயன்றவர் அமெரிக்க மருத்துவர் லெனர்ட் ஹெஸ்டன். மனச்சிதைவு நோயுற்ற தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாளிலேயே அவரைப் பிரிந்து வளர்ந்த 47 பேரை ஆராய்ந்து, 1966-இல் முடிவை வெளியிட்டார். அவர்களுள் ஐவருக்கு அந்நோய் கண்டது. நோயில்லாத தாய்மாருக்குப் பிறந்து, அவ்வாறே பிரிந்து வளர்ந்த 50 பேருள் ஒருவருக்கும் இல்லை. தாயின் அருகே வாழாதிருந்தும் நோய் வந்தமையால், மரபின் பங்கு உறுதியாயிற்று.

மரபின் எல்லையை இரட்டையர் காட்டுகின்றனர். ஒரே கருவில் பிரிந்த இரட்டையருக்கு மரபணு ஏறக்குறைய ஒன்றே. நோய் முழுவதும் மரபால் வருவதாயின், ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தே ஆக வேண்டும். ஆனால் பாதி அளவுக்கு மேல் மற்றவர் தப்பி விடுகின்றனர். தோட்ட மக்களுக்கு இது விளங்காத செய்தியன்று. ஒரே தாய்மரத்தில் எடுத்து ஒட்டுக் கட்டிய இரண்டு ரப்பர்க் கன்றுகளில் ஒன்றை மேட்டிலும் ஒன்றைச் சதுப்பிலும் நட்டால், இரண்டும் ஒரே அளவு பால் தருமா?

இந்நோயைத் தரும் தனி மரபணு என்று ஒன்று இல்லை. 2022-இல் வெளிவந்த உலகளாவிய ஆராய்ச்சி ஒன்று, மரபுத்தொகுதியில் 287 இடங்கள் இந்நோயோடு தொடர்புடையவை எனக் கண்டது. ஒவ்வொன்றின் ஆற்றலும் மிகச் சிறிது. நம் இனத்தாரிடையேயும் இவ்வாராய்ச்சி நடந்துள்ளது. மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் நிறுவனம், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, மூவாயிரத்துக்கு மேற்பட்ட தென்னிந்தியரை ஆராய்ந்தது. உடலில் வைட்டமின் பி3 பயன்படும் முறையோடு தொடர்புள்ள ஒரு மரபணுவுக்கு இந்நோயில் பங்கிருக்கலாம் என 2019-இல் அறிவித்தது.

எனவே பெற்றோரிடமிருந்து பிள்ளை பெறுவது நோய்க்கு இடந்தரும் ஓர் இயல்பு. அவ்வியல்போடு பிறப்பின்போது நேரும் இடர், இளமையில் படும் கொடுமை, கஞ்சாப் பழக்கம் போன்றவை சேரும்போது நோய் தலைதூக்கும் வாய்ப்பு மிகுகிறது. பின்லாந்து நாட்டில், நோயுற்ற தாய்மாருக்குப் பிறந்து பிறர் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளை ஆராய்ந்தனர். அமைதியான வீட்டில் வளர்ந்தவருள் நோயுற்றோர் மிகக் குறைவு. சச்சரவு மிகுந்த வீட்டில் வளர்ந்தவருள் அதிகம். மரபை மாற்ற நம்மால் ஆகாது. ஒரு பிள்ளை வளரும் சூழலைச் செம்மை செய்ய நம்மால் ஆகும்.

இங்கே ஆசிரியர்க்குக் கடமை இருக்கிறது. ஏளனச் சொல் திடலில் எழும்போதே தடுக்க வேண்டும். ஊருக்கு அஞ்சி நோயை மறைக்கும் வீட்டில் மருத்துவம் பிந்துகிறது. பிந்தினால் குணமும் பிந்தும். இந்நோய் பெரும்பாலும் பதின்பருவ முடிவிலும் இருபதுகளிலுமே தலைகாட்டும். நன்கு படித்தவன் திடீரெனப் பின்தங்குவது, உறக்கம் கெடுவது, எவரோடும் சேராது ஒதுங்குவது, காரணமின்றி அஞ்சுவது ஆகியவற்றைக் கண்டால் பெற்றோரை அழைத்துப் பேசி, அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும்.

அம்மாணவன் இன்று வந்து கேட்டால் இவ்வாறு சொல்வேன்: "வராது என்று உறுதி கூற என்னால் முடியாது, தம்பி. வராமல் போவதற்கே வாய்ப்பு மிக அதிகம். கஞ்சாவைத் தொடாதே. மனம் கலங்கினால் மறைக்காமல் வந்து சொல். மருந்து உண்டு. உன் அம்மாவுக்கு வந்தது ஒரு நோய். அதில் உனக்கும் அவருக்கும் வெட்கப்பட ஒன்றுமில்லை."