மலைப்பாம்புக்கு வெளிச்சம் எதற்கு?

"கோழிக்கூண்டில் விடிய விடிய விளக்கு எரிந்தது. அப்படியும் மலைப்பாம்பு நுழைந்து இரண்டு கோழிகளை விழுங்கிவிட்டது. வெளிச்சத்துக்குப் பயப்படாதா?" என்று பினாங்கின் பாலிக் பூலாவ் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பயப்படாது. கோழியைக் கண்டுபிடிக்க அதற்கு உங்கள் விளக்கு தேவையும் இல்லை.

முதலில் ராட்சசக் கதைகளை ஓரங்கட்டிவிடுவோம். 2016 ஏப்ரலில் பாயா தெருபோங் கட்டுமானத் தளத்தில் பிடிபட்ட பாம்பு 8 மீட்டர் நீளம், 250 கிலோ எடை என்று உலகம் முழுக்கச் செய்தி பறந்தது. சில நாளில் அது முட்டையிட்டுச் செத்துப்போனது. சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. அமெரிக்காவில் வளர்க்கப்பட்டு, 2011இல் முறையாக அளந்து கின்னஸில் இடம்பிடித்த பாம்பே 7.67 மீட்டர்தான். நம் கூண்டுக்கு வருவது இந்த ரகம் அல்ல. சாக்கடை எலிகளைத் தின்று வளர்ந்து, அடுத்த இரையைத் தேடும் இளசுதான் வரும்.

அதன் முகத்தைப் படத்திலாவது உற்றுப் பாருங்கள். உதட்டுச் செதில்களில் வரிசையாகக் குழிகள் தெரியும். பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் இருக்கும் குழிவிரியனுக்கு, கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுவே பக்கத்துக்கு ஒரே குழி. (ஊதுபத்திப் புகையில் மயங்கிக் கிடக்கிறது என்பார்கள். புகையே இல்லாத காட்டிலும் அந்த இனம் பகலில் அசையாமல்தான் கிடக்கும்.) இந்தக் குழிகள் பார்ப்பது சூட்டை. கோழியின் உடல் சுமார் 41 டிகிரி. பினாங்கின் இரவுக் காற்று 25, 26 டிகிரி. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைக் கோழியின் உடம்பு இரவெல்லாம் வீசிக்கொண்டே இருக்கிறது. பாம்பைப் பொறுத்தவரை கோழியே ஒரு விளக்கு.

கண்ணைக் கட்டிக்கொண்டு ரொட்டி சானாய் கடைக்குள் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். கல் இடப்பக்கம் இருந்தால் இடக் கன்னம் சுடும். இப்போது கன்னம் முழுக்கக் குழிகள். ஒவ்வொரு குழியின் சுவரும் ஒரு பக்கத்துச் சூட்டை மறைப்பதால், எந்தக் குழியின் எந்த ஓரம் சுடுகிறது என்பதை வைத்தே கல் எங்கே, எவ்வளவு பெரிது என்று சொல்லிவிடலாம். கல்லுக்குப் பின்னால் நிற்கும் மாஸ்டர் கல்லைவிடக் குளிர்ச்சி, அவர் கையில் இருக்கும் தேத்தாரிக் கோப்பை அவரைவிடச் சூடு. தலையை மெல்லத் திருப்பினால் கோப்பை எந்த மேசைக்குப் போகிறது என்பதுகூடத் தெரிந்துவிடும். இதற்கு மேல் இழுத்தால் ரொட்டி கிழிந்துவிடும். மலைப்பாம்புக் குழியின் படம் அவ்வளவு துல்லியமும் அல்ல. ஆனால் அந்த மங்கலான சூட்டுப் படம் மூளையில் கண் அனுப்பும் படத்தோடு ஒரே இடத்தில் வந்து சேர்கிறது. இருட்டில் கண் தோற்றாலும் குழி தோற்காது.

என்னை அசரவைத்தது இதற்குள் இருக்கும் கருவிதான். 2010இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜூலியஸின் குழு (வேறொரு சூட்டு உணரிக்காக அவருக்கு 2021இல் நோபல் கிடைத்தது) குழியின் நரம்புகளில் டிஆர்பிஏ1 என்ற புரதத்தைக் கண்டது. அதே புரதம் நம்மிடமும் இருக்கிறது. அரைத்த கடுகின் காரம் மூக்கில் ஏறும்போது 'சுள்'ளென்று சொல்வது அதுதான். நமக்குக் கடுகைக் காட்டிக்கொடுக்கும் புரதம் பாம்புக்குக் கோழியைக் காட்டிக்கொடுக்கிறது. கிலுகிலுப்பை விரியனில் அது 28 டிகிரி வாக்கில் விழித்துக்கொள்கிறது. மலைப்பாம்பில் 33 டிகிரி வாக்கில்தான். மலைப்பாம்பின் குழி சற்று மந்தம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு வம்சங்களும் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்காமல், தனித்தனியே இதே புரதத்தைப் பிடித்துக்கொண்டன.

வரலாறும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குழி எதற்கு என்று நீண்ட காலம் ஆளுக்கொன்று சொல்லிவந்தார்கள்: காது, கூடுதல் மூக்கு, கண்ணீர்ப் பை. 1937இல் நோபிள், ஷ்மிட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பாம்பின் கண்ணை மறைத்துவிட்டு, துணி சுற்றிய பல்புகளை முன்னே ஆட்டிப் பார்த்தார்கள். பாம்பு சூடான பல்பைத்தான் கொத்தியது. கதை முடிந்தது.

இதைத் தெரிந்துகொண்டு இணையக் கடைகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். 'மீயொலி பாம்பு விரட்டி' என்ற கருவி 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்துகிறது. பாம்புக்குக் கேட்பதோ சில நூறு ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலி. மின்னும் சிவப்பு விளக்குக்கும் குழிக்கும் சம்பந்தமே இல்லை. கந்தகத்தையும் பாச்சை உருண்டையையும் அமெரிக்காவில் எலிப்பாம்புகளின் வழியில் போட்டுப் பார்த்தார்கள். அவை தாண்டிப் போய்விட்டன.

மிச்சம் இருப்பது கம்பி வலை. 'கோழி வலை' என்று விற்கும் அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும். அதன் கண்ணுக்குள் இளம் பாம்பு நுழையும். மூசாங் (மரநாய்) அதைப் பிய்த்தே விடும். அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த வலையை வாங்குங்கள். மூசாங் மரமேறி என்பதால் கூரைக்கும் அடியுங்கள். அடியில் ஒரு சாண் மண்ணுக்குள் புதையுங்கள். பொழுது சாயும்போது கதவைச் சாத்தி, சிந்திய தீனியைக் கூட்டி அள்ளுங்கள். தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். அந்த விளக்கை வீணாக்க வேண்டாம். இருட்டியதும் கூண்டுக்குள் வைத்துவிட்டு வெளியே நின்று பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் அடைக்க வேண்டும்.

விழுங்கிய பாம்பு வயிறு புடைத்து, வந்த ஓட்டை வழியே திரும்ப முடியாமல் காலையில் கூண்டிலேயே மாட்டிக்கொள்வது வழக்கம். அடிக்காதீர்கள், அது சட்டம் பாதுகாக்கும் இனம், 999ஐ அழையுங்கள். பொது தற்காப்புப் படையினர் வந்து பாம்பைக் கொண்டுபோவார்கள். ஓட்டையைக் கொண்டுபோக மாட்டார்கள்.