கற்சிலைமடுவிற் காணும் வரலாறு

யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவைக் கடந்து தெற்கே செல்லும் பெருவழி, வன்னி நாட்டின் காடுகளையும் குளங்களையும் ஊடறுத்துச் செல்கின்றது. அந்நாட்டிலே, ஒட்டுசுட்டானுக்கு அண்மையில், கற்சிலைமடு என்னும் சிற்றூர் உண்டு. அவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தது ஆங்கில மொழியிற் பொறிக்கப்பட்ட ஒரு நினைவுக்கல்லாகும். 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள், கப்டன் வொன் ட்றிபேர்க் என்பவர் பண்டாரவன்னியனை இவ்விடத்தை அடுத்துத் தோற்கடித்தார் என்பதே அக்கல் கூறும் செய்தி. செய்தி ஒரு வரிதான். அந்த ஒரு வரியிலே ஒரு சிற்றரசின் முடிவு அடங்கியிருக்கின்றது.

வன்னியர் என்போர் யாழ்ப்பாண அரசுக்கும் கண்டி அரசுக்கும் இடைப்பட்ட காட்டு நிலத்தை ஆண்ட குறுநில மன்னர். வலிய அரசர் வந்தபோது திறை கொடுப்பர். அவர் வலி குன்றியபோது தம்மாணை செலுத்துவர். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த பின்னரும், 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமான பின்னரும் வன்னியர் முற்றாக அடங்கினாரல்லர். ஒல்லாந்தருக்கு அவர்கள் கொடுத்த திறை யானைகளாகும். அத்திறை ஒழுங்காகச் செல்லாதது இரு சாராருக்கும் ஓயாத பிணக்கை விளைத்தது. 1782ஆம் ஆண்டிலேயே ஒல்லாந்தர் படை நடத்தி வன்னியைத் தம் ஆட்சிக்குள்ளாக்கினர். பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1795இல், யாழ்ப்பாணமும் திருகோணமலையும் ஆங்கிலேயர் கைக்கு மாறின. வன்னியும் அவற்றோடு மாறியது.

ஆயினும், இழந்த உரிமையை மறவாத ஒருவர் வன்னியில் இருந்தார். குலசேகரம் வைரமுத்துப் பண்டாரவன்னியன் என்று அவரை இன்று வழங்குவர். அவர் காலம் கருதிக் காத்திருந்தார். அக்காலம் 1803ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கண்டி மாநகரைக் கைப்பற்றினர். ஆனால் ஜூன் மாதத்தில், நோயினால் நலிந்திருந்த அவர்களுடைய காவற்படை, மேஜர் டேவி என்பவரின் தலைமையிற் சரணடைந்து, பெரும்பாலும் அழிந்தொழிந்தது. கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் கரையோரப் பகுதிகள் மீதும் படைகளை ஏவினான். தெற்கிலும் மேற்கிலும் ஆங்கிலேயர் இடர்ப்பட்ட அவ்வேளையில், கண்டியின் துணையோடு பண்டாரவன்னியன் வடக்கிலே எழுந்தார்.

எழுச்சி மின்னலெனப் பரவிற்று. வன்னியெங்கும் அவர் படை பரவியது. ஓகஸ்ட் மாதத்தில் முல்லைத்தீவு அவர் வசமாயிற்று. ஓகஸ்ட் 25ஆம் நாளை வன்னி மக்கள் இன்றும் அவர் நினைவு நாளாகப் போற்றுவர். முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலக் காவற்படை படகுகளில் ஏறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பியோடியது. வன்னியன் படை ஆனையிறவு வரைக்கும் துணிந்து முன்னேறிற்று என்று ஆங்கில வரலாற்றாசிரியரே எழுதிவைத்துள்ளனர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாயிலை அவர் தட்டினார் என்பது இதன் பொருள்.

ஓகஸ்ட் மாதத்தில் வென்றவர் ஒக்டோபர் மாதத்தில் தோற்றது எதனால்? வீரத்திற் குறைவு நேர்ந்ததனாலன்று. வன்னியின் நிலப்படத்தை நோக்கினால் விடை ஓரளவு புலனாகும். வன்னிக்குக் கிழக்கிலும் மேற்கிலும் கடல். அதனைச் சூழ வடக்கே யாழ்ப்பாணம், மேற்கே மன்னார், தென்கிழக்கே திருகோணமலை என மூன்று கோட்டைகள். மூன்றும் கடலோரத்தன, மூன்றும் ஆங்கிலேயர் கையில் இருந்தன. காடு வன்னியனுக்குத் துணையாயிருந்தது. கடலோ ஆங்கிலேயனுக்குத் துணையாயிற்று. முல்லைத்தீவிலே தோற்ற படை கடல் வழியாக உயிர் தப்பியது. அதனைத் தடுத்து நிறுத்த வன்னியனிடம் கப்பல் இல்லை. செப்டெம்பர் மாதத்தில் கண்டிப் படை கொழும்பை அடுத்த ஹங்வெல்லையில் முறியடிக்கப்பட்டபோது வன்னியனுடைய பெருந்துணையும் தளர்ந்தது. அதன் பின்னர் மூன்று திசைகளிலிருந்தும் ஆங்கிலப் படைகள் வன்னிக்குள் நுழைந்தன.

பல வழிகளாற் சென்று ஓரிடத்திற் கூடித் தாக்கும் இம்முறையைப் பெரும்படைகளைக் கொண்டு நடத்திப் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றவர் பிரஷ்ய நாட்டுத் தளபதி ஹெல்முத் வொன் மொல்ற்கே. 1800ஆம் ஆண்டிற் பிறந்து 1891ஆம் ஆண்டில் மறைந்த அவர், 1857 முதல் 1888 வரை பிரஷ்யப் படைத்துறையின் தலைமைப் பணிக்குழுவை நடத்தினார். 1866ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள், கோனிக்கிராட்ஸ் என்னுமிடத்தில், வெவ்வேறு வழிகளால் வந்த மூன்று பிரஷ்யப் படைகள் ஒஸ்திரியப் படையை முறியடித்தன. மூன்றாவது படை பிற்பகலில் வந்து சேரும் வரை வெற்றி ஊசலாடியது. மொல்ற்கேக்குப் புகைவண்டியும் தந்தியும் உதவின. 1803ஆம் ஆண்டின் வன்னியில் அவை இரண்டும் இல்லை. எனினும் அடிப்படை ஒன்றே: பல முனைகளிலும் ஒருங்கே நின்று காக்க இயலாதவன், எத்துணை வீரனாயினும், நெருக்குண்டு போவான்.

கற்சிலைமடுவில் நிகழ்ந்தது அதுவே. ஒக்டோபர் 31ஆம் நாள் பண்டாரவன்னியன் படை எதிர்பாராத வேளையில் தாக்குண்டு சிதறியது. தாக்குதலை நடத்திய ட்றிபேர்க் ஆங்கிலேயரின் படைத்தலைவரேயெனினும் அவர் பெயர் ஆங்கிலப் பெயரன்று. 'வொன்' என்பது மொல்ற்கேயின் பெயரிற் போலவே ஜெர்மானிய உயர்குடியினர் பெயருக்கு முன் வரும் சொல். அந்நாளில் இலங்கையிற் போரிட்ட ஐரோப்பியப் படைகளிற் பல நாட்டவரும் கலந்திருந்தனர் என்பதற்கு இப்பெயரே சான்றாகும்.

இனி, அக்கல்லை மீண்டும் படித்தல் வேண்டும். அது 'தோற்கடித்தார்' என்று கூறுகின்றது. 'கொன்றார்' என்று கூறவில்லை. ஒக்டோபர் 31ஆம் நாளை அவர் இறந்த நாளாகக் கொள்வோர், கல்லில் இல்லாததைக் கல்லின் மேல் ஏற்றுகின்றனர். அவரைக் காட்டிக்கொடுத்தவன் காக்கைவன்னியன் என்னும் கதையும் மக்களிடையே பெரிதும் வழங்குகின்றது. கதைகளும் நாடகங்களும் நாட்டு மக்களின் நெஞ்சத்தைக் காட்டுவன. அவ்வகையில் அவை போற்றத்தக்கன. ஆயினும் கதை வேறு, சான்று வேறு. தோல்வி முழுவதையும் ஒரு துரோகியின் தலையிற் சுமத்திவிட்டால், கடலையும் கோட்டைகளையும் மூன்று வழிப் படையெடுப்பையும் எண்ணிப் பார்க்கும் கடமை நம்மை விட்டு நீங்கிவிடுகின்றது. தோல்வியின் காரணத்தை அறியாதவருக்கு அத்தோல்வியினாற் பயனில்லை.

வன்னியரின் ஆட்சி அந்நாளோடு முடிந்தது. வென்ற தளபதியின் பெருமையைச் சொல்லவே அக்கல் நாட்டப்பெற்றது. ஆயினும் இன்று ட்றிபேர்க் யார் என்று அறிந்தோர் மிகச் சிலரே. பண்டாரவன்னியனுக்கோ வவுனியா நகரிலே சிலை நிற்கின்றது; அவர் பெயரால் நாடகங்களும் நவீனங்களும் எழுந்துள்ளன. வென்றவன் தன் பெயரை நிலைநாட்ட எண்ணிப் பொறித்த எழுத்தே, தோற்றவன் நின்ற இடத்தையும் நாளையும் பிற்காலத்தவருக்குக் காத்துத் தந்தது.