சித்திரம் பேசுகிறதா?



பென்சிலால் வரைபவருக்கு அழிப்பான் உண்டு. லினோ தகட்டில் உளிகொண்டு செதுக்குபவருக்கு அந்த வசதி கிடையாது. ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து சணல் துணியின்மீது படிய வைத்த தரைவிரிப்பே லினோலியம். அதில் ஒரு துண்டை எடுத்து, வெள்ளையாகத் தெரிய வேண்டிய பகுதிகளை உளியால் அகற்றி, எஞ்சிய மேட்டில் உருளையால் மை தடவி, தாளை விரித்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் படம் இறங்கும். வலம் இடமாகவும் இடம் வலமாகவும் மாறி விழுமாதலால், அரபி எழுத்தைச் செதுக்குபவர் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிச் செதுக்கியாக வேண்டும். வெட்டி எடுத்ததைத் திரும்ப ஒட்ட இயலாது. ஆகவே, ‘நான் எண்ணியதை இச்சித்திரம் சொல்கிறதா?’ என்று பிறரிடம் கேட்பதற்கு ஒரு காலம் உண்டு. தகட்டில் வெட்டப்படாத இடம் இன்னும் மிச்சமிருக்கும் காலம் அது.

எப்படிக் கேட்பது? பெரும்பாலோர், “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்கிறார்கள். நம்மவர்களிடம் இதற்கு “மாஷா அல்லாஹ்” என்பதைத் தவிர வேறு விடை கிடைப்பது அரிது! வேறு சிலர் பொருளை முதலில் விளக்கிவிட்டு, “புரிகிறதா?” என்பர். விளக்கம் கேட்ட பின் யாருக்குத்தான் புரியாது? “இதில் என்ன காண்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்டுவிட்டு மௌனமாக இருப்பதே முறை. ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இது மிகக் கடினமான காரியம்.

கேத்தே கோல்விட்ஸ் (1867-1945) என்னும் ஜெர்மானியப் பெண் ஓவியரைப் பாருங்கள். 1919 ஜனவரி 15 அன்று பெர்லினில் கொலையுண்ட கார்ல் லீப்னெக்ட் என்ற இடதுசாரித் தலைவரின் நினைவாக ஓர் அச்சுப்படம் செய்ய அவர் முற்பட்டார். அத்தலைவரின் கட்சியைச் சேர்ந்தவரல்லர் இவர். அவருக்காகத் தொழிலாளர் கொண்ட துயரமே இவரைத் தொட்டது. உலோகத் தகட்டில் செய்து பார்த்தார்; நிறைவில்லை. கல்லச்சில் முயன்றார்; அதுவும் நிறைவில்லை. 1920இல் எர்ன்ஸ்ட் பார்லாக் என்பவரின் மரச்செதுக்கு அச்சுகளைக் கண்ட பின்னரே மரக்கட்டையைக் கையிலெடுத்து அதனை முடித்தார். சோதனைப் படி எடுத்து, அதன் மீதே கரியாலும் வெள்ளையாலும் திருத்திப் பார்ப்பது அவரது வழக்கம்.

உருவப்படம் பற்றிய மார்க்க விளக்கத்திற்குள் நான் இங்கே புகவில்லை. நூலொன்றில் இருந்த அப்படத்தை, ஜெர்மனி எத்திசையில் இருக்கிறது என்றும் அறியாத ஒரு மூதாட்டியிடம் காட்டினேன். வெண்துணி போர்த்திய உடல். தலைகுனிந்து நெருங்கி நிற்கும் மனிதர்கள். முன்னே குனிந்தவரின் பெரிய கை மாண்டவரின் மார்பின்மேல். அம்மையார் உடனே இன்னாலில்லாஹி ஓதினார். “பெரிய மனிதர் போலும், எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், பாருங்கள்!” என்றார். துயரம் வந்து சேர்ந்துவிட்டது. மாண்டவர் யார், எதனால் மாண்டார் என்பது வரவில்லை, வரவும் இயலாது. கோல்விட்ஸ் படத்தின் அடியில் ஒரு வரியைச் சேர்த்து, அந்த நாளையும் குறித்திருக்கிறார். அதன் தேவை எனக்கு அன்றுதான் விளங்கியது.

இனி நம் ஊருக்கு வருவோம். என்னிடம் ஓதிய மாணவி ஒருவர், உயிரினங்களின் உருவமின்றி ஒரு லினோ அச்சு செய்து வருகிறார். மேலிருந்து பார்த்தவாறு ஒரு பெரிய சஹன். நால்வர் சுற்றியமர்ந்து உண்ணும் சஹன் அது. மூன்று பக்கமும் உண்டு முடிந்திருக்க, நான்காம் பக்கத்தில் மட்டும் சோறு கைபடாமல் இருக்கிறது. வளைகுடாவில் பணிபுரியும் அவருடைய காக்காவின் இடம் அது. நான்கு பெருநாட்களாக அவர் ஊர் வரவில்லை. அச்சை அவருக்கே அனுப்பத் தங்கை விரும்புகிறார். ஆனால் ‘ஏன் வரவில்லை?’ என்று குற்றம் சாட்டுவதாகக் காக்கா எடுத்துக்கொண்டால்? அங்கே அவர் படும் பாடு இவருக்குத் தெரியும். அந்த அச்சத்தினால்தான் முதலில் பிறரிடம் காட்டத் துணிந்தார்.

முதல் சோதனைப் படியைக் கண்ட சிறுவன், “பிறை!” என்று கூவினான். ஒரு பெரியவர், உணவை வீணாக்கக் கூடாதென்னும் நல்லுரை இது எனப் பாராட்டினார். மாமி ஒருவர் மட்டும், “யாருக்கோ எடுத்து வைத்திருக்கிறார்கள்” என்றார். மாணவி சோர்ந்துபோனார். ஆனால் சிறுவன் சொன்னதில் பிழையில்லை. கறுத்த வட்டத்தின் ஓரத்தில் வளைந்து நிற்கும் வெண்மை பிறையாகத்தான் தெரியும். பெரியவர் மீதும் குறையில்லை. வேண்டாமென்று விட்ட சோற்றையும் ஒருவருக்கென வைத்த சோற்றையும் பிரித்துக் காட்ட அந்தப் படத்தில் எதுவும் இல்லையே!

தகட்டில் இடம் மிச்சமிருந்தது. உண்ட பகுதிகளில் விரல்கள் வழித்த கோடுகளைச் செதுக்கினார், பிறை மறைந்தது. நான்காம் பக்கத்தில், சஹனுக்கு வெளியே, கவிழ்த்து வைத்த குவளை ஒன்றைச் சேர்த்தார். இரண்டாம் படியை, கணவரைக் கடல் கடந்து அனுப்பியிருக்கும் ஒரு பெண்மணியிடம் காட்டினார். அவர் நெடுநேரம் பார்த்திருந்து, “இவர் எப்போது வருகிறாராம்?” என்று கேட்டார். அக்கேள்வியில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை என்பதை மாணவி கவனித்துக்கொண்டார்.

தலைப்புப் பற்றித்தான் இன்னும் வழக்கு. அச்சின் அடியில் பென்சிலால் இடப்புறம் படி எண்ணும், நடுவில் தலைப்பும், வலப்புறம் கையொப்பமும் இடுவது அச்சோவியர் மரபு. ‘காக்காவின் இடம்’ என்று எழுத வேண்டுமென்கிறார் அவருடைய உம்மா. வேண்டாம் என்பது என் கருத்து. லீப்னெக்டின் பெயரைப் போல அயலாருக்கு அறிவிக்க வேண்டியது இதில் ஒன்றுமில்லை. பெறுபவர் தம் இடத்தைத் தாமே அறிவார்.

இரண்டாம் படி இப்பக்கத்திலேயே அச்சாகியுள்ளது. இதுவரை படித்துவிட்ட நீங்கள் இனிச் சாட்சி சொல்ல இயலாது! ஆதலால், இதனைப் படிக்காத ஒருவரிடம், எழுத்தைக் கையால் மறைத்துப் படத்தை மட்டும் காட்டுங்கள். அவர் சொல்லும் முதல் வாக்கியத்தைத் திருத்தாமல், அவருடைய வயதையும் குறித்து, ஆசிரியர் முகவரிக்கு எழுதுங்கள். “ஒன்றும் விளங்கவில்லை” என்றால் அதனையும் அப்படியே எழுதுங்கள். தகட்டின் இடது மூலையில் வெட்டப்படாத இடம் இன்னும் சிறிது இருக்கிறது.