சத்தம் போடாத பிழைகள்

ஆன்லைன் படிவத்தை நிரப்பி ‘சமர்ப்பி’ பட்டனை அழுத்துகிறீர்கள். எங்கோ ஒரு பிழை. அந்தக் கட்டம் மட்டும் சிவப்பாகிறது, உடனே திருத்திவிடுகிறீர்கள். ஸ்கிரீன் ரீடரின் குரலைக் கேட்டு வேலை செய்யும் பார்வையற்றவருக்கோ அங்கே எதுவும் நடக்கவில்லை. பக்கம் நகரவில்லை, காரணமும் காதில் விழவில்லை. மறுபடி மறுபடி அழுத்துவதற்குள் ஓடிபியின் நேரம் முடிந்துவிடுகிறது.

பலருக்கு அடுத்த வழி பிரவுசிங் சென்டர்தான். ஆதார் எண், பான் எண், கடவுச்சொல், ஓடிபி எல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகின்றன. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் ஓயாமல் எச்சரிக்கின்றன. சொல்லாமல் முடிக்கவே முடியாத படிவங்கள் இருக்கும்வரை அந்த எச்சரிக்கை யாரைக் காப்பாற்றும்? பணம் பறிபோனால், ‘நீங்கள்தானே ஓடிபியைக் கொடுத்தீர்கள்’ என்று பழியும் அந்தப் பார்வையற்றவர்மேல்தான் விழும். என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

தீர்வு கடினமானதல்ல. பிழையுள்ள கட்டத்துக்கு ‘ஏரியா-இன்வேலிட்’ என்ற குறியீட்டைச் சேர்த்து, பிழைச் செய்தியை ‘ஏரியா-டிஸ்கிரைப்ட்பை’ மூலம் அதனுடன் இணைத்தால், கட்டத்துக்கு வந்ததுமே ஸ்கிரீன் ரீடர் பிழையை வாசித்துவிடும். பட்டனை அழுத்தியதும் கர்சர் முதல் பிழைக்குத் தானாகப் போக வேண்டும். ‘தவறான உள்ளீடு’ என்றால் போதாது. ‘பின்கோடு 6 இலக்கம் இருக்க வேண்டும்’ என்று சொல்ல வேண்டும். இணைய அணுகலுக்கான உலக அளவிலான டபிள்யூ.சி.ஏ.ஜி. விதிகளில், பிழையை எழுத்தில் தெரிவிப்பது அடிப்படையான ‘ஏ’ நிலையிலேயே இருக்கிறது. பணம் சார்ந்த படிவங்களில் அனுப்பும் முன் சரிபார்க்கவோ, அனுப்பியதைத் திரும்பப் பெறவோ வழி வேண்டும் என்கிறது ‘ஏஏ’ நிலை.

பழைய தளங்களை மாற்றச் செலவாகும் என்கிறார்கள் டெவலப்பர்கள். உண்மைதான். முதலிலேயே எழுதியிருந்தால் இது சில வரி வேலை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. டிஜிட்டல் அணுகல், அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண் சிமிட்டச் சொல்லும் கே.ஒய்.சி. அடையாளச் சோதனையில் தேற முடியாத ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும், பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில் வந்த தீர்ப்பு அது. செயலிகளையும் தளங்களையும் வடிவமைக்கும்போதே பார்வையற்றவர்களைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்தச் சோதனை பெயரளவில் முடியக் கூடாது. வேண்டுமென்றே பிழையோடு நிரப்பிய படிவத்தை, யார் உதவியும் இல்லாமல், ஓடிபி காலாவதியாகும் முன் அவர்களால் திருத்தி அனுப்ப முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அதில் தேறாத படிவத்தைப் பணம் புழங்கும் இடத்தில் அனுமதிக்கவே கூடாது.