எட்டுப் பேர் போதும்... ஊருக்கு ஓர் இயற்கைச் சங்கம்!

உங்கள் ஊர் ஏரிக்குப் பத்து வருடங்களுக்கு முன்பு எத்தனை வகைப் பறவைகள் வந்தன? அவற்றில் எத்தனை இப்போதும் வருகின்றன?

'முன்னெல்லாம் நிறைய வரும்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால், ஏரியில் லாரி லாரியாக மண் கொட்டும் நாளில், 'நிறைய' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மனு கொடுத்தால் எடுபடாது. தேதி வேண்டும், எண்ணிக்கை வேண்டும். அதைச் சம்பளம் இல்லாமல், ஆண்டுக்கணக்கில் எழுதி வைப்பவர்கள்தான் உள்ளூர் இயற்கை ஆர்வலர் சங்கத்தினர்.

ஒயின் கடையில் வளர்ந்த சங்கம்

1883 செப்டம்பரில் எட்டுப் பேர் சேர்ந்து பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்களில் ஆத்மாராம் பாண்டுரங், சகாராம் அர்ஜுன் என இரண்டு இந்திய மருத்துவர்களும் உண்டு. கூடிப் பேசுவது, பார்த்ததைச் சொல்வது, சேகரித்ததைக் காட்டுவது... இவ்வளவுதான் திட்டம். அடுத்த ஆண்டே, ஒயின் வியாபாரியான ஹெர்பர்ட் ஃபிப்சன் தன் கடையில் சங்கத்துக்கு இடம் கொடுத்தார். 1886-ல் தொடங்கிய அதன் ஆய்விதழ் இன்றும் வெளிவருகிறது.

அந்தச் சங்கத்துக்கு ஒருநாள், தான் சுட்ட குருவியோடு ஒரு சிறுவன் வந்தான். அதன் கழுத்தில் மஞ்சள் தீற்றல். அது என்ன பறவை என்று அவனுக்குத் தெரியவில்லை. கௌரவச் செயலாளர் மில்லார்ட் அவனை விரட்டவில்லை. பறவையின் பெயரைச் சொல்லி, சங்கத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் காட்டி, படிக்கப் புத்தகங்களும் கொடுத்தார். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் பறவையியல் அறிஞராகப் புகழ்பெற்ற சாலிம் அலி!

நம் ஊரிலும் உண்டு

சென்னையில் 1978 முதல் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி இயங்கிவருகிறது. 1988-ல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர், ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் மணலில் நடக்கிறார்கள். ஒரு பங்குனி ஆமை ஒரே குழியில் சுமார் நூறு முட்டைகள் இடும். அவற்றைப் பத்திரமாக எடுத்து, பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகள் வெளிவந்ததும் கடலில் விடுகிறார்கள். படிப்பு முடிந்து மாணவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆனாலும் அடுத்த ஆண்டு நடை நிற்பதில்லை. புதிதாக வருபவர்களைக் கூடவே நடக்கவைத்துப் பழக்கிவிடுவதுதான் காரணம்.

எப்படி நடத்துவது?

நாள் மாறக் கூடாது: மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை 6 மணி, ஏரிக்கரை என்று முடிவு செய்தால் அதுதான். இரண்டு பேர் மட்டும் வந்தாலும் நடந்துவிட வேண்டும். 'எல்லோருக்கும் வசதியான நாள்' தேடினால் அந்த நாள் வரவே வராது.

வேலையைப் பிரியுங்கள்: தகவல் அனுப்ப ஒருவர், குறிப்பெழுத ஒருவர், கணக்குப் பார்க்க ஒருவர், புதியவர்களோடு நடக்க ஒருவர். எல்லாவற்றையும் ஒருவரே சுமந்தால், அவருக்கு டிரான்ஸ்ஃபர் வரும் அன்று சங்கமும் வண்டி ஏறிவிடும்.

கணக்கு முக்கியம்: டீ, வேன் வாடகை என்று சின்னச் செலவானாலும் எழுதி எல்லோருக்கும் காட்டுங்கள். நட்பு கெடுவது பெரும்பாலும் சின்னத் தொகைகளால்தான். சங்கம் வளர்ந்த பிறகு, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி பதிவு செய்யலாம். அதற்குக் குறைந்தது 7 பேர் வேண்டும்.

பூஜ்யத்தையும் எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், பறவை, எண்ணிக்கை. வழக்கமாக வரும் பறவை வராவிட்டால் அதுவும் ஒரு செய்திதான். வாட்ஸ்அப்பில் போட்டால் 'குட் மார்னிங்' படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். ஒரு நோட்டிலும், 'இ-பேர்ட்' தளத்திலும் பதிவு செய்யுங்கள். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நல்ல தொடக்கமாக இருக்கும்.

தொடாதீர்கள்: கூடு, முட்டை, குஞ்சு எதையும் எடுக்கக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 இருக்கிறது. கூடு இருக்கும் இடத்தைப் பொதுவில் பகிரவும் வேண்டாம். காட்டுக்குள் போவதென்றால் வனத்துறையின் அனுமதி அவசியம்.

குழந்தைகள் வரட்டும்

பைனாகுலர் இல்லையே என்ற கவலை வேண்டாம். கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் வெறும் கண்ணுக்கே தெரியும். தாத்தா பழைய பெயரைச் சொல்வார். பேத்தி செல்போனில் படத்தைத் தேடிக் காட்டுவாள். 'இது என்ன பறவை?' என்று ஒரு பிள்ளை பத்தாவது முறை கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பேனாவும் எடுத்துக்கொண்டு, வருகிற ஞாயிறு ஏரிக்கரைக்குப் போய் வாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள். முதல் பக்கத்தில் தேதியை மறக்காமல் எழுதிவிடுங்கள்.