குழந்தைகளின் மூளைக் கட்டி: அரிய அறிகுறிகளும் படச் சோதனையும்

குழந்தைப் பருவத்தில் தோன்றும் திடக் கட்டிகளுள் மூளைக் கட்டியே மிகுதியாகக் காணப்படுகிறது. காலைத் தலைவலி, வாந்தி, நடையில் தள்ளாட்டம் ஆகியவை ஒருங்கே தோன்றினால் மருத்துவர் ஐயம் கொள்வது எளிது. ஆனால், நோய் எப்போதும் இவ்வாறு வெளிப்படையாகத் தோன்றுவதில்லை. காலதாமதம் பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது.

வேறு நோய்களின் சாயல்

கைக்குழந்தையின் மண்டையோட்டு இணைப்புகள் இறுகாமல் இருப்பதால், உள்ளழுத்தம் மிகும்போது தலை பெருக்கிறது. குழந்தையால் தலைவலியை எடுத்துரைக்க இயலாது. சிறுமூளைப் பகுதியில் கட்டியுள்ள குழந்தை தலையை ஒருபுறம் சாய்த்தே வைத்திருக்கலாம். அது கழுத்துச் சுளுக்கு எனக் கருதப்படுகிறது. ஹைப்போதலாமஸ் பகுதியில் கட்டி தோன்றினால், நன்கு உண்டு கலகலப்பாக இருக்கும் குழந்தையும் மெலிந்துகொண்டே போகலாம். அது ஊட்டக்குறைவாகத் தோன்றும். அடங்காத தாகமும் மிகுதியான சிறுநீரும் இருந்து, இரத்தச் சர்க்கரை இயல்பாகவே இருப்பின், பிட்யூட்டரிப் பகுதியை ஆராய வேண்டும். உரிய வயதுக்கு மிக முன்னரே பருவமடைதலும் இத்தகைய எச்சரிக்கையே.

கருவிகளின் பங்கு

1971இல் இங்கிலாந்தில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை சி.டி. ஸ்கேன் மூலம் படமெடுக்கப்பட்டது. இக்கருவி சில நிமிடங்களில் இரத்தக்கசிவு, சுண்ணாம்புப் படிவு, மூளையறைகளின் வீக்கம் ஆகியவற்றைக் காட்டும். எனினும், தடித்த எலும்பு சூழ்ந்த பின்மூளைப் பகுதியில் படம் தெளிவு குறையும், கதிர்வீச்சும் உண்டு. எம்.ஆர்.ஐ. கருவியில் இவ்விரு குறைகளும் இல்லை. ஆனால் குழந்தை நெடுநேரம் அசையாதிருக்க வேண்டுமாதலால், சிறு குழந்தைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படுகிறது. மெடுல்லோபிளாஸ்டோமா போன்ற கட்டிகள் தண்டுவட நீர் வழியே பரவக்கூடியவை. ஆகவே, அவற்றில் முதுகுத்தண்டையும் படமெடுப்பது இன்றியமையாதது.

இந்தியச் சூழலின் சிக்கல்

இங்கு எதிர்வகைப் பிழைக்கும் இடமுண்டு. காசநோய்க் கட்டியும் நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்குவதால் உண்டாகும் கட்டியும் படத்தில் புற்றுக்கட்டி போலவே தோன்றக்கூடும். வலிப்பு கண்ட இந்திய நோயாளிகளின் மூளையில் காணப்பட்ட சிறு ஒற்றைக் கட்டிகள் பலவற்றுக்கு நாடாப்புழுவே காரணம் என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1989இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. இவை பொதுவாக 20 மில்லிமீட்டருக்கு உட்பட்டவை. பல காலப்போக்கில் மறைந்துவிடுகின்றன. இதனால் தேவையற்ற அறுவைச் சிகிச்சை தவிர்க்கப்படுகிறது. படம் வழிகாட்டுமேயன்றி, ஐயத்திற்குரிய கட்டிகளில் திசு ஆய்வே முடிவு கூறும்.

முதல் நிலையில் செய்யத்தக்கவை

படமெடுக்க அனுப்ப வேண்டிய குழந்தை எது என்பதை முதலில் கண்டறிவது ஆரம்ப சுகாதார நிலையமே. தலைச் சுற்றளவையும் உயரத்தையும் எடையையும் குறித்து வருதல், நடையைக் கவனித்தல், விழித்திரையைச் சோதித்தல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வகை செய்கிறது. அப்பயன் குழந்தையை உரிய காலத்தில் சென்றடைவது, முதலில் பரிசோதிப்பவரின் விழிப்பைப் பொறுத்தே அமையும்.